ஏரிக்கரையில் எடுக்காத நெபுலா

என் அக்காவின் கணவர் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். மழை வருமா என்று பார்ப்பதற்கு மேல் அவர் வானத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. நானோ ஒரு பழைய கேமராவையும் கைக்கு அடக்கமான தொலைநோக்கியையும் வைத்து ஓரியன் நெபுலா என்னும் விண்புகை மேகத்தைப் படமெடுக்கப் பழகிக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் பாடுபட்டு, கட்டைவிரல் ரேகை போல மங்கலாக ஓர் இளஞ்சிவப்புக் கறை கிடைத்தது. அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

"லென்ஸத் தொடைக்கோணும் மாப்ள" என்று பதில் போட்டார். அதோடு விடவில்லை. போர் குழாய் தடிமனில் ஒரு தொலைநோக்கி வாங்கிவிட்டார்.

மாசி அமாவாசையன்று பனமரத்துப்பட்டி ஏரிக்கரைக்குப் போனோம். கார் விளக்கை அணைக்கச் சொன்னேன். பாம்பு வரும் என்று மறுத்தார். இருட்டைத் தேடி வந்த இடம் கல்யாண மண்டபம் போல ஆனது. வானம் நகர நகரத் தொலைநோக்கியையும் கூடவே திருப்பும் மோட்டார் ஸ்டாண்டு அவரிடம் இருந்தது. அருமையான பொருள். ஆனால் அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். நம் பக்கத்தில் அந்த நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல், கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டி உயரத்தில்தான் நிற்கும், அதுவும் சேலத்து வெளிச்சப் புகைக்குள். பொறுமையாகத் தேடலாம் என்றேன். எல்லாம் ஆட்டோமேட்டிக் என்றார். அவர் படங்களில் நட்சத்திரங்கள் சேமியாவாக நீண்டிருந்தன. பசிக்கிறது என்று சாப்பாட்டு நேரத்துக்கே கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் அவர் குழுவில் போட்ட படத்தில் ஒரு நெபுலா ஜொலித்தது, முந்தின இரவு ஏரிக்கரையில் அவரே எடுத்ததாம். அது தனுசு ராசிப் பக்கத்தில் இருப்பது. மாசியில் பின்னிரவில்தான் எழும். சித்தப்பாக்கள் கைதட்டும் பொம்மைகளை அனுப்பினார்கள். இணையத்திலிருந்து திருடுவதற்குக்கூடக் கொஞ்சம் படித்திருக்க வேண்டாமா?

பிறகு அவர் வீட்டுக்குப் போனபோது அந்தப் படம் சட்டம் போட்டு ஹாலில் தொங்கியது.

"மாமா, இது கோழி கூப்புடற நேரத்துலதானுங்க வரும். நாம சோத்து நேரத்துக்கே ஊடு வந்துட்டமுங்க" என்றேன்.

"படம் நல்லாத்தான இருக்குது" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

தொலைநோக்கி இடத்தை அடைக்கிறது என்று அக்கா சலித்துக்கொண்டாள். ஸ்டாண்டை மட்டும் நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"ஸ்டாண்டுதான? எடுத்துக்க மாப்ள."

படமெடுப்பதில் பாதிக்கு மேல் அந்த ஸ்டாண்டின் வேலை என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. என் படத்தில் இப்போது ஓரியன் நெபுலாவின் இறக்கைகள் விரியத் தொடங்கியிருக்கின்றன. அவர் அந்தக் குழாயைப் பூத்தொட்டி முக்காலியில் சாய்த்து வைத்து, வருகிறவர்களையெல்லாம் குனிந்து பார்க்கச் சொல்கிறார். முன்மூடியைக் கழற்றுவதில்லை.