ஊமை, ஊமை என்று முடியும் பாட்டு

பதினைந்து விநாடி. ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரத்துக்குப் பெரும்பாலும் அவ்வளவுதான் கொடுக்கிறார்கள். அதற்குள் ஒரு முழுப் பாட்டை அடைத்துவிடுகிறார்கள். நான் சொல்லும் நூடுல்ஸ் பாட்டில் முதலில் ஆவி பறக்கும் கோப்பை வரும். பிறகு வெள்ளைத் தொப்பி போட்ட மூன்று பேர். பிறகு உறிஞ்சும் சத்தம். கடைசியில் மூவரும் வாயைப் பெரிதாகத் திறந்து "ஊமை, ஊமை" என்று இழுப்பார்கள். முடிந்ததும் அதுவே மறுபடி தொடங்கும். போன குளிர்காலம் முழுவதும் நானும் மனைவியும் இந்தப் பாட்டுக்குள்தான் குடியிருந்தோம்.

வெளியே போக வழியும் இல்லை. ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் வீடு ஐந்தாம் மாடி. இலையுதிர் காலத்தில் நின்ற லிஃப்ட், உதிரிப்பாகம் வரவேண்டும் என்ற ஒரு கடதாசியோடு அப்படியே நின்றது. மனைவிக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயிருந்தன. சக்கர நாற்காலியைப் படிகளில் இறக்க என்னால் ஏலாது. நான் மட்டும் இறங்கலாம்தான். ஆனால் அவளைத் தனியே விட்டுவிட்டு எவ்வளவு நேரம்? பாண் கடையில் எனக்கு முன்னால் நாலு பேருக்கு மேல் நின்றால் வெறுங்கையோடு திரும்பி வந்துவிடுவேன். எதிர்க் கட்டடத்தில் இருபத்துநாலு ஜன்னல்கள். அவற்றில் ஒன்பது எப்போதும் திரை போட்டிருக்கும். பார்ப்பதற்கு வேறு ஒன்றுமில்லை.

ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கும் ஜப்பானிய விளம்பரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அவள் ஓய்வு பெறும்வரை டுசெல்டோர்ஃபில் ஒரு ஜப்பானிய உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தவள். அந்த முதலாளி தன் நாட்டிலிருந்து தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்த நாடாக்களை எடுப்பித்து, சாப்பிட வருகிற அவருடைய ஆட்களுக்காகக் கூடத்தில் ஓடவிடுவாராம். விளம்பரங்களும் சேர்ந்து ஓடும். சமையலறைக் கதவு திறக்கும் போதெல்லாம் பாட்டும் உள்ளே வரும். கரட் சீவியபடி, சோறு உருட்டியபடி இவள் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். வீட்டில் ஒருநாளும் பாடியதில்லை. நான் ஊரில் கணித ஆசிரியர். இங்கே ஒரு தொழிற்சாலையில் திருகாணிகளை எண்ணிப் பெட்டியில் போட்டவன். அவள் தலைக்குள் இப்படி ஒரு பாட்டு இருக்கும் என்று நான் எந்தக் கணக்கிலும் சேர்த்ததில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு ஜெர்மன் பெண் வாரம் ஒரு முறை மூச்சிரைக்க ஐந்து மாடி ஏறி வருவாள். சொல் தொலைந்தவர்களுக்குச் சிலவேளை பாட்டு தொலைவதில்லை, ஏதாவது பாடிப் பாருங்கள் என்றாள். தேவாரம் பாடினேன். எங்கள் கலியாண காலத்துச் சினிமாப் பாட்டு நாலு பாடினேன். மனைவி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

பிறகு ஒருநாள் தொலைக்காட்சியில் யாரோ நூடுல்ஸ் அவிக்க, அவள் திடீரென்று பாடினாள். நாலு மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் ஒழுங்கான சத்தம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, கடைசிச் சொல்லைத் தவிர. ஊமை, ஊமை. அதை இரண்டு தரமும் தெளிவாகவே கேட்டேன். தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அவளோடு அதே சமையலறையில் வேலை செய்த எங்கள் ஊர்ப்பெண் ஒருத்தி அன்று பின்னேரம் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா இப்ப கதைக்கிறாவோ, அண்ணை?"

"கதைக்கேல்லை. பாடுறா. தன்னை ஊமை எண்டு பாடுறா."

எப்படிப் பாடினாள் என்று பாடிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"ஐயோ அண்ணை, அது நூடுல்ஸ் விளம்பரமெல்லே! 'உமை' எண்டால் அவங்கட பாசையில நல்ல ருசி. பாட்டில இழுத்து ஊமை ஆக்கிப்போட்டாங்கள்."

"உண்மையாவோ?"

"ஓமண்ணை. முதலாளி சூப்பை வாயில விட்டுப்போட்டு 'உமை' எண்டுவார். அக்கா உடனே, 'என்ர வீட்டிலயும் ஒரு ஊமை இருக்கு, பத்துக் கேள்வி கேட்டால் ஒரு 'ம்' எண்டும்' எண்டுவா. நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்பம்."

"என்னையோ சொன்னவ?"

"பின்னை ஆரை, அண்ணை?"

பான் நகரில் இருக்கிற எங்கள் மகள் ஒருநாள் வந்து அந்தப் பழைய விளம்பரத்தை இணையத்தில் தேடிப் பிடித்து, தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடும்படி செய்து வைத்துவிட்டுப் போனாள். பயிற்சிக்காரிக்குச் சந்தோஷம். மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்றலாம் என்றாள். இடது கையைத் தட்டித் தட்டிப் பாடவேண்டும். மெட்டோடு சேர்ந்து சொல்லும் வந்துவிடும். ஆனால் அவளுக்குத் தமிழ் தெரியாது, சொற்களை நான்தான் போட வேண்டும். வைத்தியரின் சீட்டில் மீதி எட்டு டெர்மின், எட்டே வருகை. அதற்குள் ஒரு சொல்லாவது வந்தால் நீடிக்கும்படி எழுதலாம் என்றாள். வராவிட்டால் அதோடு சரி.

எனக்கு என்ன சொல் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மனைவி என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. நாற்பத்துமூன்று வருடமாக என்னை "இஞ்சாருங்கோ" என்றுதான் கூப்பிட்டாள். அந்தச் சொல் நின்றதிலிருந்து இந்த வீட்டில் என்னைக் கூப்பிட ஆளில்லை.

மெட்டை எண்ணினேன். முதல் வரிக்கு ஏழு தட்டு. "ஊமை, ஊமை"க்கு நாலு. முதல் வரியில் "எனக்குத் தண்ணி தாங்கோ" என்று வைத்தேன்: எ, னக், குத், தண், ணி, தாங், கோ. ஏழு. ஊமையின் இடத்தில் இஞ், சா, ருங், கோ. நாலு. ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு சரியாகப் பொருந்திய கணக்கு குறைவு.

அன்றிலிருந்து காலையில் அரை மணி, மத்தியானம் அரை மணி, பின்னேரம் அரை மணி. நான் தட்டுவேன், தொப்பிக்காரர் மூவரும் பாடுவார்கள், மனைவி மெட்டை மட்டும் முனகுவாள். கடைசி வந்ததும் ஊமை, ஊமை. மரக்கறி வெட்டினால் கத்தி ஏழும் நாலுமாக விழுந்தது. பல் தீட்டினாலும் அதே தாளம். பயிற்சி இல்லாத நேரத்திலும் பாட்டை ஓடவிட்டேன். அது நின்றால் அவளுக்கு ஏதோ குறைந்துவிடும் என்று பயம். காதுக்குள் பஞ்சு வைத்துப் பார்த்தேன். பாட்டு பஞ்சுக்கு உள்ளே இருந்தது. பூட்டிய லிஃப்டுக்குள் அகப்பட்டவனுக்குக்கூட அழுத்த ஒரு மணிப் பொத்தான் இருக்கும். அவளுக்குப் பிடித்த பாட்டு, அவளுக்கு மிஞ்சிய ஒரே பாட்டு என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசி டெர்மினுக்குப் பயிற்சிக்காரி வந்து, சப்பாத்தைக் கழற்றி, தண்ணீர் குடித்து உட்கார்ந்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மனைவியின் இடது கையை எடுத்துத் தட்டத் தொடங்கினாள். நான் பாடினேன். மனைவி முனகினாள். ஏழு தட்டும் போயின. நான் "இஞ்..." என்று வாயெடுத்தேன்.

மனைவி என் சொல்லை வெட்டிக்கொண்டு, உரத்த குரலில், சுருதி பிசகாமல் பாடினாள்:

"நிப்பாட்டுங்கோ!"

தட்டிய கை நின்றது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கண் தொலைக்காட்சியில் இருந்தது. தொப்பிக்காரர் மூவரும் மறுபடி கோப்பையைத் தூக்கினார்கள். அவள் இடது கையை நாற்காலியில் அடித்து இன்னொரு தரம் பாடினாள். நிப், பாட், டுங், கோ.

"இது ஒரு சொல்லா?" என்று கேட்டாள் பயிற்சிக்காரி.

"ஓம்," என்றேன் தமிழிலேயே. பிறகு ஜெர்மனுக்கு மாறினேன். "நிறுத்தச் சொல்கிறாள்."

"எதை?"

"அந்தப் பாட்டைத்தான்."

பயிற்சிக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் எழுந்து தொலைக்காட்சியை அணைத்தேன். மனைவி கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சு விட்டாள். அந்த மூச்சை நான் அறிவேன். மார்கழி முழுவதும், தை முழுவதும் நானும் குசினிக்குள் நின்று அதே மூச்சைத்தான் விட்டிருந்தேன்.

நீடிக்கச் சொல்லி இன்றே வைத்தியருக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக்காரி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனாள். அவள் ஐந்து மாடியும் இறங்கும் சத்தம் கீழ்க் கதவு வரை கேட்டது. அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நான் மனைவிக்கு எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. எதிர்க் கட்டடத்து ஜன்னல்களை ஒருதரம் எண்ணினேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயின் இடது பக்கம் மெல்லக் கோணியது. இடது கை மடியில் தட்டியது, மெதுவாக, இரண்டே தட்டு.

"ஊமை," என்றாள்.

ஜப்பானியச் சொல் அல்ல அது.

"ம்," என்றேன்.