அரை மணி நேரத்தில் அகப்பட்ட கிருமி

ஜெர்மனிக்கு வந்த முதல் வாரம், ஆய்வுக்கூடத் தோழி கழிவறைக் குழாயில் டம்ளரைப் பிடித்து மடமடவென்று குடித்துவிட்டு, எனக்கும் பிடித்து நீட்டினாள். கொதிக்க வைக்காத தண்ணீரை நாக்கில் படவிடாத மதுரைக்காரி நான். நான் தயங்கியதைப் பார்த்து, ரொம்பக் குளிர்ந்திருக்கிறதா என்று கேட்டாள். என் பயம் அவளுக்குப் பிடிபடவில்லை. இத்தனைக்கும் அங்கே என் வேலையே தண்ணீரில் பாக்டீரியா தேடுவதுதான். தங்க நானோ துகள் பூசிய சிறு பட்டையில் கிருமி ஒட்டினால் மின்னோட்டம் மாறும்; கையடக்கக் கருவி அதைக் காட்டிவிடும். வழக்கமான சோதனைக்கு இரண்டு நாள், இதற்கு அரை மணி.

மறு வருடம் விடுமுறைக்கு வில்லாபுரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது, பேராசிரியரிடம் கேட்டுக் கருவியையும் எடுத்துப்போனேன். காரணம், அக்காவின் மூன்று வயது மகள் யாழினி. ஒரே மாதத்தில் இரண்டு முறை வயிற்றுப்போக்கு வந்து, இரண்டு முறையும் குளுக்கோஸ் ஏற்றியிருந்தார்கள். இன்னொரு தடவை பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குடிக்கிற தண்ணீரை அக்கா கொதிக்க வைத்தாள். உப்புக்கரிக்கும் போர் தண்ணீர்மேல் சந்தேகப்பட்டு, பிள்ளைக்கு முடியாமல் போவதற்கு முன்பே வாய் கொப்பளிக்கவும் பாத்திரம் கழுவவும் கார்ப்பரேஷன் குழாய்க்கு மாறியிருந்தாள்.

மூன்று டம்ளர்களை வரிசையாக வைத்தேன்: போர், குழாய், கொதிக்க வைத்தது. மதுரை வெயிலில் பட்டை சரியாக வேலை செய்யுமா என்று எனக்கே சந்தேகம். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மா விரலை நீட்டினார். "சுகர் மிஷினா தாயி? எனக்கும் ஒரு சொட்டு பாத்துரு." தண்ணீருக்கானது என்றேன். தண்ணிக்கும் சுகர் வருதா என்று கவலைப்பட்டார்.

கொதித்ததிலும் போரிலும் ஒன்றுமில்லை. குழாய்த் தண்ணீரில்தான் எண் எகிறியது.

"இம்புட்டு நாளும் நானேதான் கொடுத்தேனா?" என்றாள் அக்கா.

"உனக்கு எப்படிக்கா தெரியும்? அந்தக் குழாயை அடைச்சு வையி, போதும்."

அதே தண்ணீரை ஒரு சோதனைக்கூடத்துக்கும் அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து அதே முடிவு வந்தது. அந்தத் தாளோடு அக்காவின் கணவர் தெருக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கார்ப்பரேஷன் ஆபீசில் போய் நின்றார். தோண்டிப் பார்த்தால், சாக்கடையைக் கடக்கும் இடத்தில் குழாய் இணைப்பு விட்டிருந்தது. மாற்றினார்கள். யாழினி தயிர்சோறு கேட்டுச் சாப்பிட்டாள். அன்று பகலில் அக்கா மூன்று மணி நேரம் அசந்து தூங்கினாள்; நான் எழுப்பவில்லை.

ஜெர்மனி வந்ததும் பேராசிரியர் என் பதிவேட்டைப் புரட்டி, திடுக்கிட்டு, உடனே வீட்டு உரிமையாளரிடம் சொல்லச் சொன்னார். கிருமி காட்டிய தண்ணீருக்கு, 'எடுத்த இடம்' என்ற கட்டத்தில் 'வீடு' என்று எழுதியிருந்தேன். அது மதுரை என்றேன். நிம்மதியாகச் சிரித்து, திருத்திவிடும்படி சொல்லிப் போனார். பேனாவை எடுத்தேன். நான்கு வரி மேலே, இங்கே என் அறையில் பிடித்த தண்ணீருக்கும் 'வீடு' என்றே எழுதியிருந்தது. எதை அடிப்பதென்று தெரியாமல் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன்.