அசையாத பந்துக்கு ஒரு தண்டனை

நினியன் லம்ஸ்டனைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், "அவனா, தங்கமான ஆளு" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவன் முகம் சூடான உருளைக்கிழங்கை வாயில் போட்டுக்கொண்டவன் முகம் மாதிரி ஆகும். கூச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் எட்டு வருடம் அப்படித்தான் நினைத்தேன், மடையன்.

அவன் தொழில் கூரைக்குக் கல் ஓடு பதிப்பது. நான் பிளம்பர். எங்கள் ஊர் ஃபைஃப் கடற்கரையில், கடலுக்கும் கோல்ஃப் மைதானத்துக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமையானால் கசாப்புக்கடைக்காரர், பாதிரியார், நான் எல்லோரும் மட்டையோடு இறங்கிவிடுவோம். குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் போடுகிறவனுக்குத்தான் ஜெயம் என்பதால், எங்களுக்கெல்லாம் கணக்கில் பத்து அடி, பதினைந்து அடி கழித்துச் சலுகை கொடுத்தால்தான் ஆட்டமே ஓடும். நினியனுக்கு மட்டும் சலுகை கிடையாது. அப்படி ஆடுவான்.

இருபத்தாறு வயதில் தொழில்முறை ஆட்டக்காரனாகப் போகிறேன் என்று கிளம்பினான். ஸ்பெயினில் ஆறு நாள் தேர்வுப் போட்டி. முதல் நாற்பது பேருக்குத்தான் பெரிய போட்டிகளில் ஆட அனுமதி. அவனுக்கு நாற்பதாவது இடம் கிடைத்தது. சேதி வந்த அன்று மீன்கடைப் பலகையில் மீன் விலையை அழித்துவிட்டு அவன் பெயரை எழுதினார்கள். எங்களில் ஒருவன் அவ்வளவு உயரத்துக்குப் போய்விட்டானே என்று எனக்கும் தலைகால் புரியவில்லை.

ஒரே வருடம். பிறகு பையும் மட்டையுமாகத் திரும்பி வந்தான். பரிசுப் பணத்துக்கு ஆடியவன் மறுபடி எங்களோடு ஆட வேண்டுமானால் கோல்ஃப் சங்கத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டு வருடம் காத்திருந்தான். கூரை மேல் உட்கார்ந்து ஓடு பதித்துக்கொண்டே நாங்கள் ஆடுவதைப் பார்ப்பான்.

"அங்க எப்படிடா இருக்கும்?" என்று ஒருநாள் மதுக்கடையில் கேட்டேன்.

"அங்க யாரும் 'நல்ல அடி'ன்னு சொல்ல மாட்டாங்க ஆர்ச்சி. நல்லா அடிக்கிறது அங்க வேலை. நீ குழாய் மாட்டினா யாராவது கை தட்டுறாங்களா?"

"ஒழுகலேன்னா தட்டலாம்."

"நீ மாட்டினது ஒழுகாம இருந்திருக்கா?"

சிரித்தோம். "நாங்க ஒன்பதுல ஒண்ணு உருப்படியா அடிச்சிட்டு வாரம் பூரா அதையே பேசுவோம்டா" என்றேன். "அதுதான்டா கொடுத்துவச்ச வாழ்க்கை. அங்க ஒவ்வொரு அடியிலயும் ஒருத்தன் சோறு இருக்கு" என்றான். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தோற்றுப் போன வருத்தம் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருடம் ஊர் ஜோடிக் கோப்பைக்கு அவன் என்னோடு சேர்ந்தான். இரண்டு பேருக்கு ஒரே பந்து. மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கோப்பையை நான் கண்ணாடி அலமாரிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன். இறுதி ஆட்டத்தில் எதிரே மருந்துக்கடைக்காரரும் அவர் மச்சினனும். பதினேழு குழி முடிந்து சமம். கடைசிக் குழியில் வழக்கம்போல நான் பந்தைக் கொழுத்த புல்லுக்குள் தள்ளினேன். அடுத்த அடி நினியனுடையது. மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"பந்து அசைஞ்சிடுச்சு. என்னாலதான். ஒரு அடி தண்டனை" என்றான்.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். கண்ணை எடுக்கவே இல்லை. பந்து அசையவில்லை.

"டேய், கண்ணு அவிஞ்சு போச்சா? எங்கடா அசைஞ்சுது?"

"அசைஞ்சுது ஆர்ச்சி."

"நான் பாத்துக்கிட்டே இருந்தேன்டா!"

"அடிக்கிறவன் சொன்னா முடிஞ்சுது. விடு."

அந்த ஒரு அடியில் குழி போனது, கோப்பையும் போனது. மருந்துக்கடைக்காரருக்கே கை குலுக்கச் சங்கடமாக இருந்தது. பரிசு கொடுக்கும்போது கிளப் கேப்டன் இம்ரி கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு நினியனைப் பற்றித்தான் பேசினார். "பணத்துக்கு ஆடுற உலகத்தைப் பாத்துட்டு வந்தவரு. ஆனாலும் யாரும் பாக்காத ஒரு அடியைத் தானா சொன்னாரு. இதுதான் நம்ம ஆட்டம்!" எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எல்லோர் முன்னாலும் அவனிடம் கத்தினோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. நினியன் தட்டில் இருந்த மக்ரோனிப் பலகாரத்தைத் தொடாமல் வெளியே போனான்.

வண்டி நிறுத்துமிடத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"அசையல, நீ பாத்தது சரி" என்றான். "கோப்பையை உன்கிட்டேருந்து எடுத்துட்டேன்டா. என்னை மன்னிச்சிடு."

"பைத்தியமாடா உனக்கு?"

அப்போதுதான் சொன்னான். ஸ்பெயினில் கடைசி நாள், கடைசிக் குழி. இதே மாதிரிப் புல். மட்டையை வைத்ததும் பந்து விரற்கடை அளவு உருண்டது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தான். சொல்லவில்லை. அந்த அடியைச் சேர்க்காத கணக்கு அட்டையில் கையெழுத்துப் போட்டு நாற்பதாவது ஆனான். கூட ஆடி, அவன் அட்டையைக் குறித்தவர் ஏர் நகரத்து லாரி மொஃபட். அவர் நினியனைவிட ஒரே ஒரு அடி அதிகமாகி வெளியே போனார்.

"தங்கமான ஆளுன்னு சொல்றப்பல்லாம் செத்துப் போயிடலாம்னு இருக்கும். இன்னைக்காவது அந்த அடியைத் திருப்பிக் குடுத்துடலாம்னு பாத்தேன். கை தட்டிட்டாங்களே, ஆர்ச்சி."

எனக்கு வந்த கோபத்தில் மைதானமே அதிர்ந்திருக்கும். "யார்கிட்ட எடுத்ததை யாருக்குடா குடுக்குற? அது என் கோப்பைடா! குடுக்கணும்னா அந்த மொஃபட்டுகிட்டப் போய்ச் சொல்லு."

தனியாக அனுப்பினால் பாதி வழியில் திரும்பிவிடுவான் என்று தெரியும். அடுத்த செவ்வாய்க்கிழமை என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். ஏர் நகரத்தில் ஒரு பயிற்சிக் களத்தில் மொஃபட் வக்கீல்களுக்கும் பல் டாக்டர்களுக்கும் பந்தடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார். தலை நரைத்து, அமைதியான மனிதர். மழைக்கு ஒதுங்கின தகரக் கொட்டகையில் நினியன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"தெரியும்," என்றார் மொஃபட். "பாத்தேன்."

நினியன் நிமிர்ந்தான். "அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"நீயா சொல்லுவேன்னு நெனச்சேன். அட்டை குடுக்குற கூடாரம் வரைக்கும் கூடவே நடந்து வந்தேன். பேனாவை நீட்டினப்பவும் உன் முகத்தைத்தான் பாத்தேன். நானா சொன்னா, உன்னைத் தள்ளிட்டு நான் ஏறப் பாக்குறேன்னு பேசுவாங்க. வாயை மூடிக்கிட்டேன். அது என் வெட்கம், தம்பி."

"உங்க இடத்தை நான் எடுத்துட்டேன்."

"எடுக்கலப்பா. அதுதான் எனக்கு இன்னும் ஆறல. நாற்பதாவது இடத்துல எத்தனை பேர் சமமா நின்னாலும் எல்லாருக்கும் அனுமதி உண்டு. அந்த ஒரு அடியை நீ சொல்லியிருந்தா, நீயும் நானும் சமம். ரெண்டு பேருமே உள்ள போயிருப்போம்."

வெளியே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். நினியனின் தோளைத் தொட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

திரும்பும்போது கிளாஸ்கோ தாண்டினோம். ஒரு சிக்னலில் நின்றபோது, கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமே குறைஞ்சிருக்காதுடா ஆர்ச்சி," என்றான். "சொல்லியிருந்தா ஒண்ணுமே குறைஞ்சிருக்காது."

விளக்கு பச்சையான பிறகும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.