கேன்சல்

அருள்புரத்தில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிரே இருக்கும் பனியன் கம்பெனிக்குள் தண்ணீர் கேட்டுப் போகிறேன். ஒரு மெஷினும் ஓடவில்லை. நாலைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து, தாங்களே தைத்த குழந்தைச் சட்டைகளின் கழுத்திலிருந்து லேபிளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஆர்டர் கேன்சலுங்க. வெளிநாட்டுக்காரன் பேரோட இங்க விக்கக்கூடாதாமா," என்று தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார், சரசக்கா என்று மற்றவர்கள் கூப்பிடும் பெண்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அந்தச் சொல்லின் பிறப்பைச் சொல்கிறேன். லத்தீனில் அது குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய கம்பித் தட்டி. வேண்டாத எழுத்தின் மேல் அதே மாதிரி கோடு இழுத்து அடித்தார்கள். அதிலிருந்து கேன்சல் வந்தது.

சரசக்கா கேட்கிறார்: "கோடு அடிச்சாலும் அடியில எழுதுனது தெரியுமுல்லீங்க?"

"தெரியும்."

"இதுல அதுவுந் தெரியக்கூடாதுங்க." தையல் விட்ட ஊசித்துளைகளை நகத்தால் நீவி மூடுகிறார்.

"அடுத்த ஆர்டர் எப்போங்க?" என்று கேட்கிறேன்.

அவர் அடுத்த சட்டையை எடுக்கிறார்.

"இது முடிஞ்சா எங்களுக்கும் வேலை இல்லீங்க. அதான் மெதுவாப் பிரிக்கறமுங்க."