தும்மல் விளையாட்டு

அடுத்தவர் எழுதிய சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிப்பதுதான் அப்போது எனக்கு வேலை. டெஸ்டர். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தாம்பரத்திலிருந்து கம்பெனி வண்டியில் போய், யாரோ ராப்பகலாக எழுதியதை அரை மணியில் 'தேறாது' என்று திருப்பி அனுப்பிவிட்டு வருவேன்.

என் மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை. குரோம்பேட்டையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த மேடம், "பேசறது இருக்கட்டும். நாம சொல்றது அவனுக்குப் புரியுதான்னு முதல்ல பாருங்க" என்றார். அந்தக் கேள்வி என் தூக்கத்தைக் கெடுத்தது. கடையில் கிடைத்த கேம் சிடிகள் எல்லாம் ஆங்கிலத்தில் பேசின. நானே செய்கிறேன் என்று பவர்பாயின்ட்டில் உட்கார்ந்தேன். திரையில் இரண்டு படங்கள். "பூனை எங்கே?" என்று என் குரல் கேட்கும். சரியான படத்தில் மவுஸை அழுத்தினால் கைதட்டல். தப்புக்கு "இல்லை கண்ணா" என்று சொல்ல மைக்கைப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் என் கணவர் தும்மினார். அவர் தும்மினால் மாடி வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். மறுபடி பதிவு செய்யச் சோம்பல். தப்புக்கு அந்தத் தும்மலையே வைத்துவிட்டேன்.

பையன் தப்பாகவே அழுத்தினான். பூனையைக் கேட்டால் பஸ், பஸ்ஸைக் கேட்டால் செருப்பு. ஒவ்வொரு தும்மலுக்கும் எழுந்து கையை உதறிக்கொண்டு குதித்தான். தோற்றுப்போகிறோமே என்று தவிக்கிறான் என நினைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன். ஒரு வாரம் இந்தக் கூத்து நடந்தது.

செல்போன் கடை வைத்திருந்த கணவர் ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்தார். "ஒண்ணுகூடவா சரியா வரல? கண்ண மூடிகினு அழுத்தினாலே பாதி வருமே!"

எனக்குச் சுரீர் என்றது. எல்லாவற்றையும் தப்பாகவே அழுத்த வேண்டுமானால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். என் கைதட்டல் யாருக்கு வேண்டும்? அவனுக்கு அப்பாவின் தும்மல் வேண்டியிருந்தது. டெஸ்டராம் டெஸ்டர்!

தும்மலைச் சரியான படத்துக்கு மாற்றினேன். "பூனை எங்கே?" தும்மல். "செருப்பு எங்கே?" தும்மல். ஒன்றுகூடப் பிசகவில்லை. கணவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம், அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றினேன்.

அப்புறம்தான் உறைத்தது. நாங்கள் சொன்ன எல்லாமே அவனுக்குப் புரிந்திருக்கிறது. அவனை மடியில் வைத்துக்கொண்டே, "இவனுக்கு ஒண்ணுமே புரியாதுக்கா" என்று போனில் என் அக்காவிடம் நான் மாதக்கணக்கில் அழுததும் சேர்த்துத்தான்.