மூன்று மணிக்கு மூடும் நிலையம்

மதிய ஒலிபரப்பு முடியும்போது அந்த அறிவிப்பாளர் அம்மா நன்றி சொல்லி, மாலை ஐந்து மணிக்கு மறுபடியும் சந்திப்போம் என்பார். அந்த நன்றியை என் அளவுக்குக் காத்துக்கிடந்து கேட்டவர்கள் அரியலூர்ப் பக்கத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அவர் பேசி முடித்ததும் ரேடியோவில் வெறும் இரைச்சல் வரும். நான் போய்க் குமிழைத் திருகி நிறுத்துவேன். என் மாமனார் கண்ணை மூடிக்கொள்வார். மூன்றிலிருந்து ஐந்து வரை எனக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

மாமனார் லாரி டிரைவராக இருந்தவர். சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரியை நாற்பது வருஷம் ஓட்டியிருக்கிறார். ஓய்ந்து வீட்டில் உட்கார்ந்த இரண்டாம் வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அவருக்கு ஒரே மகன், என் கணவர், வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். ஒரே மகள், என் நாத்தனார், பெரம்பலூரில் இருக்கிறார். சிறுவாச்சூர்க் கோயிலுக்கு வெள்ளி தவறாமல் போக அவருக்கு நேரம் உண்டு. இங்கே வருவது மாதத்தில் ஒரு நாள், அதுவும் அரை மணி. 'அப்பாவுக்கு முதுகுல பவுடர் போடு, புண்ணு வந்துரும்' என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடுவார். பவுடர் போடாமலா மூன்று வருஷமாக ஒரு புண் வராமல் வைத்திருக்கிறேன் என்று கேட்க நாக்கு நுனி வரை வரும். மென்று முழுங்கிக்கொள்வேன்.

ரேடியோ அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னல் மேடையில் இருந்தது. மத்திய அலை என்பதால் பெட்டியை அப்படி இப்படித் திருப்பி வைத்தால்தான் சுத்தமாகக் கேட்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "ஏம்மா, இரையுது" என்று குரல் வரும். கையில் மாவோடு ஓடுவேன். திரும்பி வந்தால் "ஏம்மா, மறுபடியும் இரையுது" என்பார். உழவர் நிகழ்ச்சி, செய்திகள், நேயர் விருப்பம் எல்லாம் எனக்கும் மனப்பாடம். விடியற்காலையில் நிலையம் திறந்ததிலிருந்து எத்தனை 'ஏம்மா' என்று ஒருநாள் எண்ணிப்பார்த்தேன். முப்பதைத் தாண்டியதும் எனக்கே சலித்துப்போய் விட்டுவிட்டேன்.

பாட்டு நடுவில் ஜன்னலுக்கு வெளியே லாரி போனால் மட்டும் ரேடியோவை மறந்துவிடுவார். "இவனுக்குக் கிளட்ச் போவப்போவுது," என்பார். "இவன் லோடு ஏத்தல, காலி வண்டி." எட்டிப் பார்த்தால் காலி வண்டியாகத்தான் இருக்கும்.

அந்த இரண்டு மணி நேரத்தை வைத்து நான் ஒரு திட்டம் போட்டிருந்தேன். என் அம்மா திருமானூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறாள். இரண்டு மாடு வைத்திருக்கிறாள், முழங்கால் வலி வேறு. அவளால் இங்கே வர முடியாது. பஸ்ஸில் போனால் போகவே ஒன்றரை மணி நேரம் ஆகும். அம்மாவைப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் என் கணவரின் ஸ்கூட்டர் ஒரு பழைய புடவைக்கு அடியில் சும்மா நின்றது. அதை ஓட்டக் கற்றுக்கொண்டால் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. நடுவில் அரை மணி அம்மாவோடு உட்காரலாம். நாற்பது வயதில் இந்த ஆசை.

எதிர் வீட்டு அக்கா அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர், ஸ்கூட்டர் ஓட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுரங்கத்துக்குப் போகும் பழைய மண் ரோட்டில் பின்னால் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்து சொல்லிக்கொடுத்தார். எல்.எல்.ஆரும் எடுத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் தினமும் மூன்று மணிக்கு மாமனார் கண்ணை மூடியதும், கதவை வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டியைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டே போவேன். தெருமுனைக் குழாயைத் தாண்டித்தான் ஸ்டார்ட் செய்வேன். நடக்க முடியாத மனிதரை உள்ளே வைத்துப் பூட்டுவது சுலபமில்லை. ஆனாலும் பூட்டினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரேடியோ படுத்தது. முதலில் நிலையமே தேய ஆரம்பித்தது. புது நிகழ்ச்சிகள் குறைந்து, போன வாரம் கேட்டதே மறுபடியும் வந்தது. சில நாள் காலையில் ஒன்றுமே வராது. அப்புறம் பெட்டியும் ஊமையாகிவிட்டது. அரியலூர்க் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் என்று பலகை இருந்த ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். உள்ளே முழுக்க செல்போன் கவர் தொங்கியது.

"இதுக்குப் பார்ட்ஸே வர்றதில்லக்கா," என்றார் கடைக்காரர். "இந்த வருசத்துல ரேடியோவத் தூக்கிக்கிட்டு வந்தது நீங்க ஒருத்தருதான். போன்லயே கேக்கலாமே, எதுக்கு இதப் போட்டுக் கட்டி அழுவறீங்க?"

என் கணவர் ஊருக்கு வந்த ஒருவரிடம் புது போன் கொடுத்தனுப்பினார். அதில் ஒரு செயலி. திருச்சி, சென்னை, இலங்கை, சிங்கப்பூர், லண்டன் என்று தமிழ் பேசும் நிலையமெல்லாம் வரும். இரைச்சல் இல்லை, பெட்டியைத் திருப்ப வேண்டாம். இனி உனக்கு வேலை மிச்சம் என்றார் கணவர். நானும் நம்பினேன், பைத்தியக்காரி.

முதல் நாள் மூன்று மணிக்குத் தெரிந்தது. மாமனாரின் நிலையம் வழக்கம்போல நன்றி சொல்லி மூடியது. செயலி ஒரு நொடிகூடச் சும்மா இருக்கவில்லை. தானாகவே அடுத்த நிலையத்துக்குத் தாவிப் பாட்டைப் போட்டது. மாமனார் கண்ணை மூடவில்லை. நான்கு மணிக்கும் மூடவில்லை. அது எங்கேயும் மூடாது, இங்கே மூடினால் எங்கோ ஓர் ஊரில் விடிந்திருக்கும்.

வேலையும் குறையவில்லை. நெட் போய்விட்டால் திரையில் வட்டம் சுற்றும். "ஏம்மா, சுத்துது." விளம்பரம் வந்தால் அதை மூட வேண்டும். "ஏம்மா, எவனோ சோப்பு விக்கிறான்." அவரே தொட்டுப் பார்ப்பார். நல்ல கை இடது கைதான், அதிலும் விரல் மரத்துப் போய், பவுடர் ஒட்டி உலர்ந்து கிடக்கும். போன் அந்த விரலை மதிக்கவே மதிக்காது. பத்துத் தரம் தேய்ப்பார், ஒன்றும் நடக்காது. பழைய குமிழை இடது கையால் அவராகவே திருகிவிடுவார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முப்பது 'ஏம்மா' அறுபது ஆனது. ஸ்கூட்டர் மறுபடியும் புடவைக்கு அடியில் போனது.

அம்மா போனில் "எப்ப வர்ற?" என்று கேட்டாள். வரேன் என்று சொல்லிவிட்டு, அடுப்படியில் நின்று அழுதேன். எந்தத் தப்பும் செய்யாமல் ஆயுள் தண்டனை வாங்கின மாதிரி இருந்தது. மாமனார் மேல் கோபம் வந்தது. அவர் என்ன செய்வார் என்று கூடவே தோன்றியது. அதனால் கோபத்தைக்கூட முழுசாகப் பட முடியவில்லை.

ஒருநாள் மூன்று மணிக்கு, அவர் பார்க்காத மாதிரி போனைக் கையில் எடுத்து நெட்டை அணைத்தேன். பாட்டு நின்றது.

"என்னம்மா?" என்றார்.

"ஸ்டேஷன மூடிட்டாங்க மாமா. அஞ்சு மணிக்குத் தொறப்பாங்க."

என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி," என்றார். கண்ணை மூடிக்கொண்டார். நான் கதவைப் பூட்டிவிட்டு வண்டியைத் தள்ளினேன். ஒரு மாதத்துக்குமேல் தினமும் இந்தப் பொய்யைச் சொன்னேன். கீழப்பழுவூர் வரை போய்த் திரும்பும் அளவுக்குக் கை பழகிவிட்டது.

அம்மா வீட்டுக்குப் போக நினைத்திருந்ததற்கு முந்தின நாள் மண் ரோட்டில் விழுந்தேன். எதிரே வந்த லாரி கிளப்பிய வெள்ளைப் புழுதியில் கண் தெரியாமல், பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். வண்டி வாரிவிட்டது. முட்டி சிராய்த்து, புடவை கிழிந்து, தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர ஆறு மணி ஆகிவிட்டது. பூட்டைத் திறந்தேன். மாமனார் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார்.

"எந்தப் பக்கம் வுழுந்த?" என்றார்.

"எடது பக்கம்," என்றேன்.

"முன் பிரேக்க மட்டும் புடிச்சிருப்ப. மண்ணு ரோட்ல ரெண்டையும் சேத்துப் புடிக்கணும்."

"நான் வண்டி ஓட்டுறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கொழாய்கிட்ட போயி ஸ்டார்ட் பண்ற. மூணு தரம் அமுக்குனாத்தான் எடுக்குது. பேட்டரி வீக்கு."

"அப்ப நீங்க தூங்கவே இல்லியா மாமா?"

"பகல்ல எனக்கு எப்பம்மா தூக்கம் வந்துச்சு?"

"பின்ன ஏன் தெனமும் கண்ண மூடிக்கிட்டீங்க?"

"பாட்டு ஓடுறப்ப மூடுனா நீ நம்ப மாட்ட. அது நின்னப்பறமும் நான் முழிச்சிக்கிட்டிருந்தா நீ போவியா?"

எனக்கு முதலில் அவமானம் வரவில்லை, கோபம்தான் வந்தது. மூன்று வருஷமாக நானாக எடுத்துக்கொண்ட நேரம் என்று நினைத்து வைத்திருந்தேன். அதுவும் இன்னொருவர் பார்த்துக் கொடுத்ததுதானா என்று ஆத்திரம் வந்தது. பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, பூட்டின வீட்டுக்குள், ஒரு சத்தமும் இல்லாமல் அவர் கிடந்த நேரத்தையெல்லாம் நினைத்தேன். முட்டியைக் கழுவுகிற சாக்கில் கிணற்றடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மூன்று மணிக்கு நான் போனைத் தொடவில்லை. அவரே பேச்செடுத்தார்.

"மூணு ஆச்சு. கெளம்பு. உங்க அம்மா பாத்துக்கிட்டு இருப்பாங்க."

அடுப்படியில் நான் போனில் பேசுவதும் அழுவதும் கேட்கும் அளவுக்குச் சுவர் மெல்லிசு என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

"ஸ்டேஷன மூடிட்டாங்கன்னு பொய் சொல்லாத," என்றார். "அதுபாட்டுக்கு ஓடட்டும், வுட்டுட்டுப் போ."

"நடுவுல சுத்துச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"சுத்தட்டும். நான் கூப்புட மாட்டேன்."

கதவைப் பூட்டவில்லை, சும்மா சாத்தினேன். எதிர் வீட்டு அக்காவிடம் மாமா குரல் கேட்டால் போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, வண்டியை வாசலிலேயே ஸ்டார்ட் செய்தேன். மூன்று தரம் அமுக்கியபிறகுதான் எடுத்தது. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டாவது துணைக்கு இருக்கிறது என்ற நினைப்பில், முதல் தடவையாகக் கீழப்பழுவூரைத் தாண்டினேன். அதற்கப்புறம் கரும்பும் நெல்லும் இரண்டு பக்கமும் பச்சையாக வந்தன. ரோட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.

"என்னாடி, நீயா ஓட்டிக்கிட்டு வந்த?"

மோர் கொடுத்தாள். என் முட்டிக் காயத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். அவள் கை முன்னைவிட மெலிந்திருந்தது. மாட்டைப் பற்றி, முழங்காலைப் பற்றி, பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றி எல்லாவற்றையும் அவசர அவசரமாகச் சொன்னாள். நான் அவளை விட்டு மணியைப் பார்த்தேன். அதையும் அவள் கவனித்தாள்.

"ராத்திரி இருந்துட்டுப் போயேன்."

"அஞ்சு மணிக்கு ஸ்டேஷன் தொறந்துருவாங்கம்மா," என்று வாயில் வந்துவிட்டது. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்க நேரமும் இல்லை. அவள் மோர்ச் சொம்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றது வண்டிக் கண்ணாடியில் தெரிந்தது.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தெருவுக்குள் நுழைந்துவிட்டேன். வண்டியை நிறுத்தினேன். உள்ளே பாட்டுச் சத்தம் இல்லை.

மாமனார் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தார். போன் அவர் மார்பின்மேல் இருந்தது. அதன் கண்ணாடி முழுக்கப் பவுடர் விரல் தடம், ஒன்றின்மேல் ஒன்றாக.

"எப்ப மாமா நின்னுச்சு?"

"நீ போயி ஆறேழு பாட்டு ஓடுச்சு. அப்பறம் நின்னுருச்சு."

"எதிர் வூட்டு அக்கா இருந்தாங்கல்ல. ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல?"

"கூப்புட மாட்டேன்னு சொன்னன்ல," என்றார். "உங்க அம்மா எப்பிடி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க," என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துத் துடைத்தேன். திரையில் இங்கிலீஷில் ஏதோ ஒரு வரிக் கேள்வி நின்றது. நான் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. நாள் பூராவும் அந்தப் போனை நான் தொட்டுக்கொண்டே இருந்ததால், அந்தக் கேள்வியைக் கேட்க அதற்கு அவசியமே வந்திருக்காது. யாரும் தொடாமல் கொஞ்ச நேரம் ஓடினால் கேட்டுவிட்டு நின்றுவிடும்போல. பழைய பெட்டி ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"என்னம்மா கேக்குது அது?" என்றார்.

"இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கீங்களான்னு கேக்குது மாமா."

"கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்," என்றார். "நான் வேற எங்க போவேன்?"

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்ற இடத்திலேயே நான் அந்த வரியைத் தொட்டேன். ஏதோ ஒரு பாட்டு நடுவிலிருந்து ஆரம்பித்தது.