குண்டு துளைக்காத பை

என் தங்கை சுரேகாவின் கணவன் சிவனேசனைப் போல ஒரு பிடிவாதக்காரனை ஆக்லாந்து முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. பேருந்து ஓட்டுகிறான். ஒருமுறை குடிவெறியில் ஏறிய ஒருவன் போத்தலால் அவன் முகத்தில் அடித்தான். புருவம் கிழிந்து இரத்தம் கண்ணை மறைக்க, அடுத்த நிறுத்தம்வரை ஓட்டிப்போய், பயணிகளை இறக்கிவிட்ட பிறகுதான் அடித்தவனின் கழுத்தைப் பிடித்தான். பொலிஸ் வந்து பிரிக்க வேண்டியதாயிற்று. தையல் போட்ட முகத்தோடு வீட்டுக்கு வந்து, "சும்மா கீறல்" என்றான். தனக்கு அடி விழுவது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒன்பது வயது மகள் யுவனேஸ்வரி, எங்கள் யுவி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தால் மட்டும் ஆளுக்குக் கை நடுங்கும்.

அவனைப் பற்றி எல்லாவற்றையும் நான் கேலி செய்திருக்கிறேன். அந்த நடுக்கத்தைக் கேலி செய்ய மட்டும் வாய் வந்ததில்லை. அதன் கதை எனக்குத் தெரியும்.

அவனுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, யாழ்ப்பாணத்தில், பள்ளிக்கூட நேரத்தில் விமானம் வந்து குண்டு போட்டது. பிள்ளைகள் பதுங்குகுழிக்கு, பங்கரை நோக்கி ஓடினார்கள். பழைய காற்சட்டைத் துணியில் தைத்த புத்தகப்பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்தபடி சிவனேசன் ஓடினான். தொலைத்தால் அம்மா தோலை உரித்துவிடுவாள் என்ற பயம். கூட ஓடிய மகேசன் பையை வகுப்பிலேயே விட்டுவிட்டான். இரண்டாவது குண்டு வேலியோரம் விழுந்தது. புழுதி அடங்கியபோது மகேசன் வயிற்றைப் பொத்திக்கொண்டு கிடந்தான். பொத்திய கைக்கு வெளியே குடல் கிடந்தது. தண்ணீர் கேட்டான், கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. சிவனேசனின் பைக்குள் கணக்குக் கொப்பியில், விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு செருகிக் கிடந்தது. பை காப்பாற்றும் என்பது அன்றைக்கு அவனுக்கு வேதமாகிவிட்டது. அதை அசைக்க எந்தக் கொம்பனாலும் முடியவில்லை.

2019 மார்ச்சில் கிறைஸ்ட்சேர்ச்சில், பள்ளிவாசலுக்குத் தொழ வந்தவர்களை ஒருவன் சுட்டுக் கொன்றான். நாடே உறைந்துபோனது. சில கிழமைகள் கழித்து இங்கே ஆக்லாந்தில், மவுண்ட் ஆல்பர்ட்டில் யுவியின் பள்ளிக்கூடத்தில் விளக்கை அணைத்து, மேசைக்குக் கீழே ஒளிந்திருக்கப் பிள்ளைகளைப் பழக்கினார்கள். சாப்பாட்டு மேசையில் அவள் அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

"வீ ஹாட் டு பி சூப்பர் குவயட், அப்பா. இட் வாஸ் ஃபன்!"

சிவனேசன் சோற்றில் வைத்த கையை எடுக்கவே இல்லை. சோறு ஆறிப்போனது. பிறகு எழுந்து கையைக் கழுவிவிட்டு, அமெரிக்காவிலிருந்து குண்டு துளைக்காத புத்தகப்பை ஒன்றுக்குப் போனிலேயே ஓடர் கொடுத்தான்.

வந்தது ஊதா நிறப் பை. முன்பக்கம் கொம்பு வைத்த குதிரைப் படம். முதுகுப் பக்கம் பலகை போல விறைத்த தடுப்பு ஒன்றை வைத்துத் தைத்திருந்தார்கள். யுவிக்குக் குதிரையைப் பிடித்துப்போயிற்று. பின்னேரங்களில் தகப்பனும் மகளும் ஹோலில் பழகினார்கள். அவன் "வெடி!" என்று கத்துவான், அவள் பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சுவரோடு குந்தி, விழுந்து விழுந்து சிரிப்பாள். சுரேகா குசினியிலிருந்து அகப்பையோடு வந்து, "பிள்ளையை விசராக்காதேங்கோ!" என்று கத்துவாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

கோயிலில் இந்தப் பேச்சுப் பரவியது. எப்சத்தில் இருக்கும் மலேசியக்காரர் ஜெயபாலன் வந்து, "நல்லா இருக்கா சிவா? எங்க பசங்களுக்கும் ரெண்டு வாங்கிடலாமா?" என்று கேட்டார். இவன் கம்பெனி முகவரைப் போல விளக்கம் கொடுத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையோடு வந்த குறிப்பை நான் வாசித்திருந்தேன். கைத்துப்பாக்கிக் குண்டைத் தாங்குமாம், ரைபிளுக்குத் தாங்காதாம்.

"இஞ்சை ஆர் மச்சான் கைத்துவக்கோட திரியிறான்?" என்றேன். "கிறைஸ்ட்சேர்ச்சில சுட்டது ரைபிளால. இது ஆனைப் பசிக்குச் சோளப்பொரி."

"நீர் அப்ப கொழும்பில இருந்தனீர். உமக்கு என்ன தெரியும்? குண்டுத் துண்டையே வெறும் கொப்பி நிப்பாட்டினது. இது அமெரிக்கச் சாமான்."

"தெறிச்சு வாற துண்டு வேறை, குறி பாத்துச் சுடுற குண்டு வேறை."

"உம்மட படிப்பை நீரே வைச்சிரும்," என்றான்.

அவனோடு டிப்போவில் வேலை செய்யும் தேவேந்திரா இந்தச் சண்டையைக் கேள்விப்பட்டான். பிஜிக்காரன், முன்னோர் கொண்டுபோன தமிழில் நாலு சொல் அவனிடம் மிச்சம் இருந்தது. ஆக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் வெங்காயத் தோட்டத்தோரம் வீடு. முயலுக்கு ஒரு சின்னத் துவக்கு, மானுக்கு ஒரு பெரிய ரைபிள் வைத்திருந்தான், லைசென்ஸும் இருந்தது. "என்ன சண்டை? சனிக்கிழமை வா. சுட்டுப் பாக்கலாம்," என்றான்.

அந்தச் சனிக்கிழமை சுரேகாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஆகவே மரக்கறி வாங்கப் போகிறோம் என்று சொல்லி யுவியையும் கூட்டிப்போனோம். பை டிக்கியில் சாக்குக்குக் கீழே கிடந்தது. தேவேந்திராவின் மனைவி பிரேம்வதி அவளை டிவிக்கு முன்னால் இருத்தி, ரொட்டி கொடுத்தாள். நாங்கள் மூவரும் வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டடிக்குப் போனோம்.

யுவியின் பழைய கொப்பிகளைப் பைக்குள் அடுக்கி, தடுப்புப் பக்கம் எங்களைப் பார்க்கும்படி கம்பத்தில் கட்டினோம். அதற்குப் பின்னால் ஒரு பூசணிக்காயை வைத்தான் தேவேந்திரா. முதலில் முயல் துவக்கால் அவனே சுட்டான். போய்ப் பார்த்தோம். குண்டு தடுப்பில் நசுங்கி ஒட்டியிருந்தது. பூசணிக்காய் முழுசாக இருந்தது. சிவனேசன் என்னைக் கட்டிப்பிடித்து, "பாத்தீரா? பாத்தீரா?" என்று குதித்தான். பொய் சொல்வானேன், அந்த நிமிடம் நானும் தோற்கத்தான் விரும்பினேன்.

"இப்ப மான் துவக்கு," என்றான் தேவேந்திரா.

"அதை நான் சுடுறன்."

தேவேந்திரா பக்கத்தில் நின்று தோளில் பொருத்திக் கொடுத்தான். வெடித்த சத்தத்தில் என் காது அடைத்துப்போனது. பூசணிக்காயைக் காணவில்லை. சதையும் விதையும் நாரும் பின்னாலிருந்த புல்லெல்லாம் சிதறிக் கிடந்தன.

சிவனேசன் அந்தச் சதையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முகம் செத்தவன் முகம் போல இருந்தது. பிறகு போல்ட்டை இழுத்து மறுபடி சுட்டான். பையின் பட்டி அறுந்து தொங்கியது. மறுபடி சுட்டான். கொப்பித் தாள்கள் பறந்தன. "நிப்பாட்டு! நிப்பாட்டடி! உன்னைக் காசு குடுத்து வாங்கினதெல்லே!" என்று அந்தப் பையைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினான். வாயில் நுரை வழிந்தது. தேவேந்திரா பாய்ந்து குழலை நிலத்தை நோக்கி அமுக்கினான்; நான் இடுப்பைப் பிடித்து இழுத்தேன்; மூவரும் சேற்றில் விழுந்தோம். சிவனேசனின் முழங்கை என் மூக்கை உடைத்தது. தேவேந்திரா துவக்கைப் பிடுங்கிக் குண்டுகளைக் கழற்றும்வரை, இரத்தம் கொட்டக் கொட்ட அவன் மேலேயே கிடந்தேன்.

அப்போதுதான் பிரேம்வதி கத்திக்கொண்டு ஓடிவந்தாள். வெடிச் சத்தம் கேட்டு யுவி வெளியே ஓடிவந்துவிட்டாளாம். வேலியோரம் நின்று, தகப்பன் தன் பையைச் சுடுவதையும் கத்துவதையும் பார்த்துவிட்டு, எங்கேயோ ஓடிவிட்டாளாம்.

தோட்டமெல்லாம் தேடினோம். கொட்டிலில் வெங்காயம் போடும் பெரிய மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் சுருண்டு கிடந்தாள். காற்சட்டை நனைந்திருந்தது. உதடு கடிபட்டு இரத்தம் கசிந்தது.

சிவனேசன் முழந்தாளிட்டான். "யுவி... வா குஞ்சு. பயப்பிடாதை. ஆரும் இல்லையம்மா. அப்பாதான்."

"ஐ நோ இட்ஸ் யூ," என்றாள். இன்னும் உள்ளே நகர்ந்தாள்.

அவன் கையை நீட்டினான். அவள் அலறினாள். கழுத்தறுபடும் ஆட்டுக்குட்டிகூட அப்படி அலறாது. கடைசியில் எங்கள் மூவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, பிரேம்வதிதான் அவளைத் தூக்கி எடுத்தாள்.

திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். பின் இருக்கையில், பிரேம்வதி சுற்றிவிட்ட போர்வைக்குள், யுவி கதவோடு ஒட்டிக்கொண்டு கிடந்தாள். முன்னால் என் பக்கத்தில் இருந்த சிவனேசன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை. மவுண்ட் ஆல்பர்ட் வந்த பிறகுதான் அவனுக்கு வாய் திறந்தது.

"இந்த நாட்டில என்ர பிள்ளை முதன்முதலாத் துவக்கைக் கண்டது என்ர கையிலதான், மச்சான்."